தே ஓவில் ஊறிய பழரொட்டி: வீட்டுக்கு ஒரு பாடம்



தொழுகை, நோன்பு, ஜகாத் முதலிய பாடங்களை எழுதுவதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். மளிகைக் கடை வைத்திருப்பவன் ரொட்டி சுடும் பாடம் எழுத வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஆலிம் அல்ல. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆனால் ஹலால், ஹராம் என்னும் விஷயம் முதலில் வந்து நிற்கிற இடம் கடைக்காரனின் தராசுத் தட்டு. அந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதிலிருந்து கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் கடைக்கு நெடுநாளாக வரும் ஓர் அக்காவின் மகன் டாக்டர் படிப்புக்காக அயர்லாந்து தேசத்துத் தலைநகரமாகிய டப்ளினுக்குப் போய் வந்தவர். நம் பினாங்கில் 1996ஆம் ஆண்டு ஆரம்பித்த மருத்துவக் கல்லூரி அயர்லாந்துக் கல்லூரிகளோடு சேர்ந்தது. அதில் சேர்ந்த பிள்ளைகள் முதல் வருஷங்களை டப்ளினில் படித்துவிட்டு, பிறகு பினாங்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பயில்வது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. ஊர் திரும்பிய அந்தப் பிள்ளை, "அங்கே பழம் போட்ட ஒரு ரொட்டி தின்போம்மா, அதைச் சுட்டுக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறது.

அக்கா எங்கேயோ செய்முறை தேடிப் பிடித்தார். அதிலே உலர்ந்த திராட்சையை விஸ்கியில் ஊறப்போடு என்று இருந்தது. என் கடைக்கு வந்து, "தம்பி, இதுக்குப் பதிலா என்ன போடலாம்?" என்று கேட்டார். நான் கைக்கு எட்டிய தட்டிலிருந்து ரம் வாசனை எசன்ஸ் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "இதிலே ஒண்ணும் இல்லையே?" என்றார். "வெறும் வாசனைதான் அக்கா" என்றேன். போத்தலைத் திருப்பிப் படித்துப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னே மூன்று பேர் காத்திருந்தார்கள். வியாபார அவசரம்.

நான்கு நாள் கழித்து அந்தப் போத்தலோடு திரும்பி வந்தார். பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "தம்பி, படிச்சுப் பார்த்துட்டுத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதற்குள் அந்த ரொட்டி அவர் வீட்டு மௌலூதுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறப்பட்டுவிட்டது.

அன்று இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஹஜ்ரத் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள், "அறியாமல் தின்றவர்கள் மீது குற்றமில்லை. அறியாததை அறிந்ததுபோல் சொன்னீர்களே, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு" என்றார்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவும், அந்தச் சாமானைத் தட்டிலிருந்து எடுக்கவும், இனிமேல் படிக்காமல் பதில் சொல்லாதிருக்கவும் சொன்னார்கள். மூன்றையும் செய்தேன். நான்காவதாக நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அந்த ரொட்டியைச் சுடும் வழியைக் கண்டு அக்காவுக்குச் சொல்வது என்பதே அது.

1. இந்த ரொட்டி எது?

அயர்லாந்துக்காரர்கள் இதைப் பார்ம்பிராக் என்றும், சுருக்கமாகப் பிராக் என்றும் சொல்லுகிறார்கள். அவர்கள் பாஷையில் 'பாரீன்' என்றால் ரொட்டி. 'பிராக்' என்றால் புள்ளி விழுந்தது. வெட்டினால் துண்டு முழுதும் திராட்சை புள்ளி புள்ளியாகத் தெரிவதால் இந்தப் பெயர்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை ஈஸ்ட் போட்டுப் பொங்க வைப்பது. இரண்டாவது வகையில் பழத்தைக் கறுப்புத் தேநீரில் ஊறவைத்து, பேக்கிங் பவுடரால் பொங்க வைப்பார்கள். இதற்குத் 'தே பிராக்' என்று பெயர். உலகத்தில் ஆளுக்கு அதிகமாகத் தேயிலை செலவாகும் நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. ஆதலால் இது அந்த ஊர்க் குடியானவர் வீடுகளில் சாதாரணமாகச் செய்யும் பண்டமே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விஸ்கி போடுவதுதான் அசல், நாம் தேநீர் போடுவது அதற்கு மாற்று என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. தேநீரில் ஊறியதும் அசல்தான். ஹலாலைத் தேடுகிறவன் எப்போதும் குறைந்ததைத்தான் தின்ன வேண்டும் என்பதில்லை.

2. நமக்கும் ரொட்டிக்கும் உள்ள உறவு

ரொட்டி சுடுவது நமக்குப் புதிதல்ல. பினாங்கின் 'ரொட்டி பெங்காலி' நம் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த ரொட்டி. டிரான்ஸ்பர் ரோட்டு மாலியா பேக்கரியால் அது பெயர் பெற்றது. வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல பேர் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்தியதால் 'பங்காளி ரொட்டி' என்றிருந்து, மலாய்க்காரர் வாயில் பெங்காலியாயிற்று என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சும் உள்ள அந்த ரொட்டியை ஆணத்தில் தோய்த்துத் தின்னாத வீடு நம்மில் அரிது.

அயர்லாந்துக்காரர்களும் பினாங்குக்குப் புதியவர்கள் அல்லர். 1852ஆம் ஆண்டு இங்கே தொடங்கிய செயிண்ட் சேவியர் பள்ளியிலும் கான்வெண்ட் பள்ளியிலும் பிற்காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்த பாதிரிச் சகோதரர்களும் கன்னியாஸ்திரிகளும் பாடம் நடத்தினார்கள். அவர்களிடம் நம் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். இலங்கையிலும் டச்சுக்காரர் காலத்திலிருந்து பர்கர் மக்கள் 'புரூடர்' என்ற திராட்சை ரொட்டியை ஈஸ்ட் வைத்துச் சுட்டு வருகிறார்கள். பண்டங்கள் கப்பலேறி வருவது இயல்பு. வந்ததைச் சோதித்து எடுத்துக்கொள்வது நம் கடமை.

3. ஊறவைப்பதும் நபீதும்

இந்த ரொட்டியின் உயிர் ஊறவைப்பதில் இருக்கிறது. இதில் வெண்ணெயோ எண்ணெயோ இல்லை. ஈரத்தை வைத்துக்கொடுப்பது பழம்தான். காய்ந்த பழத்தை அப்படியே போட்டால் அது மாவிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ரொட்டி வறண்டு போகும். இரவு முழுதும் ஊறிய பழம் உப்பி நின்று, ரொட்டியை நாலு நாள் மிருதுவாக வைக்கும்.

பழத்தைத் தண்ணீரில் ஊறவைப்பது என்றவுடன் மதரஸாவில் படித்தவர்களுக்கு 'நபீத்' நினைவு வர வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகத் திராட்சையையோ பேரீச்சம் பழத்தையோ தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இரவில் போட்டதைக் காலையிலும், காலையில் போட்டதை இரவிலும் அருந்துவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி உண்டு. மூன்றாம் நாள் மாலை வரை அருந்துவார்கள், அதற்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடச் சொல்லுவார்கள் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதன் காரணம் யாதெனில், திராட்சைத் தோலிலும் காற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் உயிர்கள் இருக்கின்றன. அவை சீனியைத் தின்று ஒருபுறம் காற்றையும் மறுபுறம் மதுச் சத்தையும் உண்டாக்குகின்றன. பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் 1850களின் பிற்பகுதியில் ஆராய்ந்து, நுரைத்தல் என்பது இந்த உயிர்களின் வேலைதான் என்று நிரூபித்தார். சூடு அதிகமானால் இந்த வேலை வேகமாகும். நம் ஊர்ச் சூட்டில் ஓர் இரவு போதும். மேற்கொண்டு வைக்க நேர்ந்தால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை வியாழன் இரவு ஊறப்போட்டேன். மறுநாள் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது. சனியும் போயிற்று. ஞாயிறு காலை மூடியைத் திறந்தால் மேலே நுரை, புளித்த வாடை. நல்ல விலை கொடுத்து வாங்கிய பழம். என் மகள், "அத்தா, அடுப்பிலே வெந்தா எல்லாம் போயிடும்தானே?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனாலும் கொட்டிவிட்டேன். ஏன் என்பதே அடுத்த பாடம்.

இன்னொன்று. பேரீச்சம் பழத்தையும் திராட்சையையும் சேர்த்து ஊறவைத்து நபீத் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் வந்துள்ளது. இரண்டும் சேர்ந்தால் புளிப்பு விரைவில் ஏறிவிடும், அது வெளியே தெரியாது என்று இமாம்கள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். போதை ஏறாதவரை ஹராம் அல்ல, மக்ரூஹ் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்துச் சொல்லும் கருத்து. இந்த ரொட்டியில் பேரீச்சம் பழம் சேர்க்க விரும்புகிறவர்கள் திராட்சையோடு ஊறப்போடாமல், காலையில் மாவு கலக்கும்போது நறுக்கிப் போடுங்கள். ருசியும் கெடாது, பேணுதலும் கெடாது.

4. மூன்று சந்தேகங்கள்

முதல் சந்தேகம்: "விஸ்கியோ ரம்மோ போட்டாலும் அடுப்பில் ஆவியாகிவிடாதா?"

ஆகாது. அமெரிக்க விவசாய இலாகாவின் அட்டவணைப்படி, மாவோடு கலந்து 15 நிமிஷம் வெந்தால் ஆல்கஹாலில் 100க்கு 40 பங்கு மிஞ்சுகிறது. ஒரு மணி நேரம் வெந்தாலும் 25 பங்கு நிற்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 பங்கு இருக்கிறது. நம் ரொட்டி அடுப்பில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். முழுதும் ஆவியாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மதுவை வாங்குவதும் உணவில் ஊற்றுவதும் நமக்கு ஆகுமானதல்ல. ஆகவே "வெந்தால் போய்விடும்" என்பது கணக்கிலும் தவறு, மார்க்கத்திலும் தவறு.

இரண்டாவது சந்தேகம்: "அப்படியானால் ஈஸ்ட் போட்ட ரொட்டியிலும் ஆல்கஹால் உண்டாகிறதே, அது எப்படி ஆகும்?"

மாவு பொங்கும்போது சிறிதளவு உண்டாவது உண்மை. ஆனால் அது மது அல்ல. மது செய்யும் நோக்கமும் அதில் இல்லை. அந்த ரொட்டியை எவ்வளவு தின்றாலும் போதை வராது. நம் நாட்டுத் தேசிய ஃபத்வா குழு 2011ஆம் ஆண்டு இதைத் தெளிவுபடுத்தியது. பழம், தானியம் முதலியவற்றில் இயற்கையாக இருப்பதும், உணவு தயாராகும்போது தானாக உண்டாவதுமான ஆல்கஹால் நஜீஸ் அல்ல, அந்த உணவைத் தின்னலாம் என்பது அதன் கருத்து. ஆனால் போதை தரும் மதுவாகச் செய்ததைக் கலப்பது வேறு. நுரைத்துப் புளித்த என் திராட்சைத் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டியதா என்று எனக்குத் தெரியாது. சந்தேகமானதை விட்டுவிட்டுச் சந்தேகமற்றதை எடுப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை. பழத்தின் விலை நஷ்டம் என் சோம்பலுக்கு அபராதம்.

மூன்றாவது சந்தேகம்: "எசன்ஸ் போடலாமா?"

அதே ஃபத்வாவில் இதற்கும் பதில் உண்டு. வாசனைப் பொருளில் அது கெடாமலிருக்கச் சேர்த்த ஆல்கஹால், மது காய்ச்சும் தொழிலிலிருந்து வராததாகவும், முடிவான பண்டத்தில் 100க்கு அரைப் பங்குக்கு மேற்படாமலும், போதை தராமலும் இருந்தால் அனுமதி உண்டு. ஆனால் அந்த ஆல்கஹால் எங்கிருந்து வந்தது என்பதைப் போத்தலைப் பார்த்து நீங்களும் நானும் அறிய முடியாது. ஹலால் சான்று பெற்ற எசன்ஸ் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். ரம், விஸ்கி என்ற மதுப் பெயர்களைத் தாங்கிய சாமானுக்கு நம் நாட்டில் ஹலால் சான்று கொடுப்பதில்லை. நான் விற்ற போத்தலில் முத்திரை இல்லாததை அன்றே கவனித்திருக்க வேண்டும். நிற்க, இந்த ரொட்டிக்கு எசன்ஸ் தேவையே இல்லை.

5. வேண்டிய சாமான்கள்

ஒரு ரொட்டிக்கு:

உலர்ந்த திராட்சை (கறுப்பும் வெள்ளையும் கலந்து) 350 கிராம்.
சூடான கெட்டித் தே ஓ, சீனி போடாதது, 300 மில்லி.
பழுப்புச் சீனி 150 கிராம்.
தானே பொங்கும் மாவு 250 கிராம்.
முட்டை ஒன்று.
பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் சேர்த்துப் பொடித்தது ஒரு தேக்கரண்டி.
உப்பு ஒரு சிட்டிகை.

தானே பொங்கும் மாவு கிடைக்காவிட்டால், சாதா கோதுமை மாவு 250 கிராமுக்குப் பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி தலைதட்டிச் சேர்த்து, இரண்டு தடவை சலித்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடரின் வரலாறு ருசியானது. ஆல்பிரட் பேர்டு என்ற ஆங்கிலேயர், தம் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் 1843ஆம் ஆண்டு அதைக் கண்டுபிடித்தார். வீட்டுக்காரியின் வயிற்றுக்காகச் செய்த காரியம் உலகத்துக்கே உதவியாயிற்று.

தேயிலைக்குக் கேமரன் மலைத் தேயிலையே போதும். அங்கே 1929ஆம் ஆண்டு முதல் பெரிய தோட்டம் போட்டுப் பயிர் செய்து வருகிறார்கள். தூளைத் தாராளமாகப் போட்டு, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். தேநீரின் துவர்ப்புதான் திராட்சையின் இனிப்பைத் திகட்டாமல் நிறுத்துகிறது.

ஜாதிக்காய் நம் தீவில் விளைவது. பாலிக் பூலாவில் மரத்திலேயே பார்க்கலாம். அதன் சதையைச் சீனியில் ஊறவைத்து உலர்த்தி விற்கிறார்கள். திராட்சையில் 50 கிராமைக் குறைத்து, அந்த அளவு இந்த உலர்ந்த சதையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் நம் ஊர் மணம் வரும். ஜாதிக்காய்க் கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அதிகமாகத் தின்றால் மயக்கம் தரும் என்பதால் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) போன்ற இமாம்கள் கண்டித்திருக்கிறார்கள். மயக்கம் தராத சிறு அளவில் மணத்துக்குச் சேர்ப்பதை இக்கால அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். இங்கே நாம் போடுவது ஒரு ரொட்டிக்கு ஒரு சிட்டிகை. அதற்குமேல் போடாதீர்கள், கசக்கும்.

6. செய்முறை

இஷாவுக்குப் பிறகு திராட்சையைக் கழுவி, காம்பு நீக்கி, பீங்கான் கிண்ணத்தில் போடுங்கள். பழுப்புச் சீனியையும் போட்டு, சூடான தே ஓவை ஊற்றிக் கிளறி மூடி வையுங்கள்.

சுபுஹுக்குப் பிறகு பாருங்கள். தேநீரில் பெரும்பகுதியைப் பழம் குடித்திருக்கும். மிஞ்சியதைக் கொட்டக் கூடாது. அதுவும் மாவுக்கு வேண்டும்.

அடுப்பை 170 டிகிரி செல்சியசுக்கு முன்னதாகவே சூடாக்குங்கள். ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் நீளமும் 13 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ரொட்டித் தகரத்தில் நெய் தடவி, உள்ளே காகிதம் போடுங்கள்.

முட்டையைத் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்து, நல்லதாயிருந்தால் அடித்து, பழத்தில் ஊற்றிக் கலக்குங்கள். மாவு, உப்பு, மசாலைப் பொடி மூன்றையும் சேர்த்துச் சலித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மரக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பரோட்டாவுக்குப் பிசைவதுபோல் அடித்தால் மாவில் இழுவை உண்டாகி ரொட்டி ரப்பராகும். பதம் எப்படி இருக்க வேண்டுமென்றால், கரண்டியைத் தூக்கினால் மாவு தயங்கித் தயங்கி விழ வேண்டும். மிகக் கெட்டியாக நின்றால் இரண்டு கரண்டி தே ஓ சேர்க்கலாம்.

கலந்த மாவைத் தாமதிக்காமல் தகரத்தில் ஊற்றி, அடுப்பின் நடுத்தட்டில் வையுங்கள். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடன் வேலையை ஆரம்பித்துவிடும்; காக்க வைத்தால் அதன் பலம் வீணாகும். 45 நிமிஷத்தில் மேல்பக்கம் மிகவும் கறுக்கக் கண்டால் ஒரு காகிதத்தால் மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் மெல்லிய குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் பத்து நிமிஷம் கூட வையுங்கள்.

வெளியே எடுத்ததும் ஒரு கரண்டி சீனியை இரண்டு கரண்டி வெந்நீரில் கரைத்து மேலே தடவினால் பளபளப்பு வரும். பத்து நிமிஷம் கழித்துத் தகரத்திலிருந்து எடுத்து ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றி வையுங்கள். அன்றே வெட்ட ஆசை வரும். பொறுத்திருந்து மறுநாள் வெட்டினால் துண்டு உதிராது, ருசியும் ஏறியிருக்கும். வெண்ணெய் தடவிப் பசியாறலாம். அஸருக்குப் பின் தேநீரோடும் தின்னலாம். வெளியே மூன்று நாள், அதற்கு மேல் குளிர்பெட்டியில்.

மின்சார அடுப்பு இல்லாதவர்கள் கனத்த சட்டியின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, தகரத்தை உள்ளே வைத்து மூடி, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் கீழும் மேலும் கனல் வைத்துச் சுடலாம். நேரம் கூடுதலாகும், குச்சி சொல்வதே முடிவு.

7. பிழைகளும் காரணங்களும்

நடுவில் குழி விழுந்தால்: வேகுமுன் அடுப்பைத் திறந்தீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் அதிகம்.

பழம் அடியில் தங்கினால்: மாவு தண்ணீராக இருந்திருக்கிறது.

மேலே கறுத்து உள்ளே பச்சையாக இருந்தால்: சூடு அதிகம். என் இரண்டாவது ரொட்டி இப்படித்தான் ஆயிற்று. அவசரப்பட்டு 200 டிகிரி வைத்தேன். கடையிலும் அவசரம், அடுப்பிலும் அவசரம்.

8. விட்டுவிட வேண்டியவை

அயர்லாந்தில் அக்டோபர் 31ஆம் தேதி இரவு இந்த ரொட்டிக்குள் மோதிரம், காசு, துணி, குச்சி முதலியவற்றை வைத்துச் சுடும் வழக்கம் உண்டு. மோதிரம் வந்தவருக்கு ஒரு வருஷத்துக்குள் கலியாணம், காசு வந்தவருக்குச் செல்வம், துணி வந்தவருக்கு வறுமை என்று குறி பார்ப்பார்கள். விளையாட்டுத்தான் என்றாலும், மறைவானதை அறிவிப்பதாகக் குறி பார்ப்பதை நம் மார்க்கம் ஏற்கவில்லை. பிள்ளைகள் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. ரொட்டியை எடுத்துக்கொள்வோம், மோதிரத்தை விட்டுவிடுவோம்.

மேலே தடவும் தூரிகையைக் கவனியுங்கள். பன்றி மயிரில் செய்த தூரிகைகளும் கடைகளில் வருவதுண்டு. பன்றி, நாய் இவற்றின் உறுப்பால் செய்த சாமானில் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு உத்தரவு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு அதிகாரிகள் பல கடைகளில் இத்தகைய தூரிகைகளைப் பறிமுதல் செய்தார்கள். சிலிக்கான் தூரிகையோ, முடிச்சிட்ட பாண்டான் இலையோ போதும்.

தகரத்தில் தடவும் கொழுப்பு எதுவென்று பாருங்கள். பாக்கெட்டில் 'இ 471' என்றிருந்தால் அது தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஹலால் சான்று இருந்தால் கவலையில்லை.

சீனி வியாதிக்காரர்களுக்கு ஒரு கணக்கு. சேர்த்த சீனி 150 கிராம். திராட்சையில் இயற்கையாக உள்ளது ஏறத்தாழ 230 கிராம். ரொட்டியை 12 துண்டாக்கினால் துண்டுக்கு 30 கிராமுக்கு மேல். ஆகவே மெல்லியதாக வெட்டி, பாதித் துண்டோடு நிறுத்துங்கள். சேர்க்கும் சீனியை 100 கிராமாகக் குறைத்தாலும் ரொட்டி நன்றாகவே வரும்.

9. சுட்டு விற்கும் சகோதரிகளுக்கு

வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ரொட்டி ஏற்றது. வெண்ணெய்ச் செலவில்லை; சில நாள் கெடாது. இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஹலால் என்று நாமாகவே முத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. 2011ஆம் ஆண்டின் சட்டப்படி ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய மன்றங்களுமே சான்று கொடுக்கலாம். அதற்குப் பதிலாக, உள்ளே போட்ட சாமான்கள் அனைத்தையும் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். முட்டை, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது உதவும்.

இரண்டு, எடை. சாமான்கள் சேர்ந்து 1,100 கிராம் இருந்தாலும் வேகும்போது ஈரம் போய்க் குறையும். வெந்து ஆறிய பிறகு நிறுத்து, அந்த எடையையே எழுதுங்கள். அளவில் குறைப்போரை எச்சரிக்க ஒரு சூராவே இறங்கியிருக்கிறது என்பதை வியாபாரி மறக்கலாகாது.

10. வீட்டில் கேட்டுப் பார்க்க

பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. நபீத் என்றால் என்ன? எத்தனை நாள் வரை?
2. திராட்சையையும் பேரீச்சம் பழத்தையும் ஏன் சேர்த்து ஊறவைப்பதில்லை?
3. ஒரு மணி நேரம் வெந்த பிறகு ஆல்கஹால் எத்தனை பங்கு மிஞ்சுகிறது?
4. ஈஸ்ட் ரொட்டிக்கும் மது ஊற்றிய ரொட்டிக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம்?
5. தெரியாததைக் கேட்டால் கடைக்காரன் என்ன பதில் சொல்ல வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் நானே விடை எழுதிவிடுகிறேன்: "தெரியாது, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்." இதைச் சொல்ல எனக்கு நாற்பது வயதுக்கு மேலாயிற்று. இப்போது கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்குகிறது. எனக்கும் உதவும், வாங்க வருகிறவர்களுக்கும் உதவும்.

மூன்றாவது ரொட்டி சரியாக வந்தது. பாதியை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். "மகன் தின்னுட்டு என்ன சொன்னான் தெரியுமா தம்பி? டப்ளின்ல அவன் தின்னதும் இந்தத் தேநீர் போட்ட ரொட்டிதானாம். நான்தான் செய்முறையைத் தேடித் தப்பானதைப் பிடிச்சிருக்கேன்" என்றார். கேட்டவுடன் அந்தப் பிள்ளையிடமே ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அவருக்கும் இந்த வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. பிறகு ஒரு கிலோ திராட்சை நிறுக்கச் சொன்னார். பாக்கெட்டை முதலில் கையில் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

அல்லாஹ் நம் உணவையும் சம்பாத்தியத்தையும் ஹலாலானதாக ஆக்கி வைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.